குளிர்காலத்தில் வளரும் சிகரம்

எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு இது. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் அதை மிஞ்ச ஆளில்லை. பூமியின் மையத்திலிருந்து அளந்தாலோ முதலிடம் ஈக்வடாரில் உள்ள சிம்பராசோவுக்குப் போய்விடும். கடல் மட்டத்துக்கு மேலே அது வெறும் 6,263 மீட்டர்தான். ஆனால் பூமி சரியான உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டுப் பக்கம் அதன் ஆரம் துருவ ஆரத்தைவிட ஏறத்தாழ 21 கிலோமீட்டர் அதிகம். அந்தப் புடைப்பின்மீது அமர்ந்திருப்பதால் சிம்பராசோவின் உச்சி, எவரெஸ்டைவிட இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக மையத்தை விட்டு விலகி நிற்கிறது. கடலடியில் இருக்கும் அடிவாரத்தையும் சேர்த்தால் ஹவாயின் மௌனா கியா 10,000 மீட்டரைத் தாண்டும்.

இவையெல்லாம் அளவுகோலை எங்கே ஊன்றுகிறோம் என்பதைப் பொறுத்த பெருமைகள். மலையேறுபவரின் நுரையீரலுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. தலைக்கு மேலே எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறது என்பதே அதற்கு உயரம். அந்த உயரம் பருவத்துக்குப் பருவம் மாறும்.

முதலில், உயரே போனால் ஏன் குளிர்கிறது? சூரியனை நெருங்குவதில் பயனில்லை. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஜூலையைவிட ஏறத்தாழ 50 லட்சம் கிலோமீட்டர் நெருக்கத்தில் இருக்கிறது. வட அரைக்கோளம் நடுங்குவதோ அப்போதுதான். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் அந்த மாதங்களில் அங்கே வெயில் சரிவாக விழுகிறது, பகலும் குறுகிவிடுகிறது. தவிர, வெயில் காற்றை நேரடியாக அதிகம் சூடாக்குவதில்லை. தரை சூடாகி, தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலெழுகிறது. மேலே அழுத்தம் குறைவு என்பதால் அது விரிகிறது. விரியச் செலவாகும் ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொண்டு குளிர்கிறது. டயரிலிருந்து பீறிடும் காற்று விரலில் சில்லென்று படுவதும் இதனால்தான். சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்.

சைபீரியக் குளிர்காலம் இந்த விதியைத் தலைகீழாக்கிவிடுகிறது. ஒய்மியகோன் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1933இல் அங்கே மைனஸ் 67.7 டிகிரி பதிவானது. மேகமும் காற்றோட்டமும் இல்லாத நீண்ட இரவுகளில் பனித்தரை தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழக்கிறது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமாகி, சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேலே மலைச்சரிவில் இருப்பவருக்குக் குளிர் குறைவு! கடலின் அருகாமை இல்லாததும் ஒரு காரணம். ஒய்மியகோனைவிடச் சற்று வடக்கே இருந்தும், ஐஸ்லாந்தின் கடலோரத் தலைநகரான ரெய்க்யவிக்கின் ஜனவரிச் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கிறது.

சைபீரியாவின் குளிர்காற்று தெற்கே பாயாமல் திபெத் பீடபூமியும் இமயமும் குறுக்கே நிற்கின்றன. வட அமெரிக்காவின் ராக்கி மலைகள் வடக்குத் தெற்காக நீள்வதால் அங்கே அப்படியொரு மதில் இல்லை. 2021 பிப்ரவரியில் ஆர்க்டிக் குளிர் டெக்சாஸ் வரை இறங்கி, அந்த மாநிலத்தின் மின் விநியோகத்தையே முடக்கியது. மலையின் உயரம் மட்டும் போதாது, அது படுத்திருக்கும் திசையும் வேண்டும்.

இனி அந்த மாறும் உயரத்துக்கு வருவோம். குளிர்ந்த காற்று சுருங்கித் தரையோடு படிகிறது. எனவே குளிரில் ஒரு சிகரத்துக்கு மேலே மிஞ்சும் காற்று குறைகிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 1981 அக்டோபரில் எவரெஸ்ட் உச்சிக்கு ஏறிய மருத்துவர் கிறிஸ்டோபர் பிஸ்ஸோ அங்கே அளந்தது 253. அந்த உயரத்துக்கு வழக்கமான வாய்பாடு தரும் எண்ணைவிட இது அதிகம். எவரெஸ்ட் வெப்பமண்டலத்தை ஒட்டி, 28 டிகிரி அட்சரேகையில் இருப்பதே காரணம்; அங்கே காற்றுப்போர்வை தடிமனானது. வானிலை பலூன் அளவுகளின்படி, கோடையில் 254ஐ ஒட்டியிருக்கும் உச்சியின் அழுத்தம் ஜனவரியில் சுமார் 243ஆகச் சரிகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், சிகரம் ஏறத்தாழ 300 மீட்டர் வளர்ந்துவிட்டதற்குச் சமம். ஏற்கனவே மூச்சின் விளிம்பில் இருக்கும் உடலுக்கு இது சிறிய தொகை இல்லை. அலாஸ்காவின் டெனாலி 63 டிகிரி வடக்கில் இருப்பதால், அதன் 6,190 மீட்டரும் நிலநடுக்கோட்டருகே அதே உயரமுள்ள சிகரத்தைவிடக் கூடுதலாகவே மூச்சிரைக்க வைக்கும்.

குளிர்காலத்தில், வானில் மிக உயரே மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டமும் தெற்கே நகர்ந்து எவரெஸ்டின் மீது புயல் வேகத்தில் வீசுகிறது. பெரும்பாலோர் மே மாதத்தில் ஏறுவது இதனால்தான். குளிர்காலத்தில் முதன்முதலாக அந்த உச்சியைத் தொட்டவர்கள் போலந்தின் லெஷெக் சிஹியும் கிஷிஷ்டோஃப் வியெலிட்ஸ்கியும், 1980 பிப்ரவரி 17 அன்று. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் ஏறியவர்கள் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் குளிர்காலத்தில் ஏறியவர் ஒருவர்தான்: 1987 டிசம்பர் 22 அன்று, நேபாளத்தின் ஆங் ரீட்டா ஷெர்பா.