ராத்திரி எங்கே படுத்திருந்தான்?

அதிகாலை நான்கரை மணிக்கு வயிற்று வலியோடு ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். இமைகள் சரிந்திருந்தன, பேச்சு குழறியது. பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் அறிகுறிகளைக் கைப்பேசியில் இருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலியில் தட்டினார். கில்லன் பாரே, மையஸ்தீனியா ஆகிய நரம்புத் தளர்ச்சி நோய்கள், பக்கவாதம் என்று பட்டியல் வந்தது.

நான் அவருடைய தாயிடம் கேட்டது ஒன்றுதான்: "பையன் ராத்திரி எங்கேம்மா படுத்திருந்தான்?"

"நெல் காவலுக்குக் களத்தில் பாய் விரித்துப் படுத்தான், டாக்டர்."

கட்டுவிரியன் இரவில் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது, பல் தடமும் எளிதில் தென்படாது. கண்ணாடி விரியனைப் போல இரத்தத்தைக் கெடுக்காமல் நரம்பைத் தாக்குவதால், 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையும் இயல்பாகவே இருக்கும். விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் தந்தோம். ஒரு வாரத்தில் அவர் நடந்து வீடு திரும்பினார்.

பிறகு அதே செயலியில் 'தரையில் படுத்திருந்தார்' என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தோம். கட்டுவிரியன் முதலிடத்துக்கு வந்துவிட்டது! அதற்கு விஷயம் தெரியும், நாங்கள்தான் சொல்லவில்லை. 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேரை இழந்த நாட்டில் ஒரு மாணவருக்கு இந்தக் கேள்வி தானாகவே வாயில் வர வேண்டாமா?

இது புதிய சிக்கலும் அல்ல. 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற கணினி நிரல், தொற்றுநோய்க்கு எந்த ஆன்டிபயாடிக் என்று நன்றாகவே பரிந்துரைத்தது. அதன் விதிகளைக் கொண்டே வில்லியம் கிளான்சி கைடன் என்ற போதனை நிரலை அமைத்தார். அப்போதுதான் குறை தெரிந்தது: விதிகளில் முடிவு இருந்தது, ஒரு மருத்துவர் எதை முதலில் கேட்கிறார், ஏன் கேட்கிறார் என்பது இல்லை. அதைச் சேர்க்க நியோமைசின் என்று மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

ஆசிரியர்கள் குறைவாக உள்ள கல்லூரிகளுக்கு இந்தச் செயலிகள் பெரிய வரம். தடை போடும் கட்சி அல்ல நான். என் வகுப்பில் ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. தாங்கள் சந்தேகிக்கும் மூன்று நோய்களைப் பேனாவால் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகே கைப்பேசியைத் தொடலாம். கேட்க வேண்டியதும் "என்ன நோய்?" என்றல்ல, "நான் எதைக் கேட்க மறந்தேன்?" என்று. நோயாளியின் பெயரோ படமோ அதற்குள் போகக் கூடாது, அதில் பேச்சே இல்லை.

மொழியிலும் பள்ளம் உண்டு. 'மயக்கம்' என்று நம் ஊரில் தலைசுற்றலையும் சொல்வார்கள், நினைவிழந்து விழுந்ததையும் சொல்வார்கள். எது என்று திருப்பிக் கேட்காமல் தட்டினால் வேறு நோய்க்குப் போய்விடுவோம்.

போன வாரம் ஒரு மாணவி செயலியை நோயாளியாக நடிக்கச் சொன்னார். "எனது வயிற்றுப் பகுதியில் அசௌகரியம் நிலவுகிறது" என்றது அது. பக்கத்தில் ஊசி மருந்து எடுத்துக்கொண்டிருந்த செவிலியர் சிரித்ததில் மருந்துக் குப்பி கை நழுவிப்போனது.