இன்ஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்: எதை எங்கே சொல்வது?

வளைகுடாவில் சில வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு 'ஐ.பி.எம்.' என்றால் கம்ப்யூட்டர் நினைவுக்கு வராது. இன்ஷா அல்லாஹ், புக்ரா, மஅலிஷ்: இறைவன் நாடினால், நாளைக்கு, பரவாயில்லை. ஒரு தாளில் முத்திரை வாங்கப் போனால் இந்த மூன்றும் வரிசையாக வரும் என்பது அங்கே பழைய கிண்டல். கிண்டல் இருக்கட்டும். 'இன்ஷா அல்லாஹ்' என்றால் 'பார்க்கலாம்' என்று பொருள் கொள்வது மட்டும் தவறு.

பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று சொற்கள். 'இன்' என்பது நம் 'ஆல்' விகுதி செய்யும் வேலையைச் செய்யும் நிபந்தனைச் சொல். 'ஷாஅ' என்றால் நாடினான். மூன்றாவது அல்லாஹ். வரப்போவதைப் பற்றிப் பேசும்போது வினை ஏன் இறந்தகாலத்தில் நிற்கிறது என்று அரபி படிக்கத் தொடங்குபவர்கள் குழம்புவதுண்டு. தமிழர் குழம்ப வேண்டியதில்லை. 'நாளைக்கு அவன் வந்தால்' என்கிறோமே, அந்த 'வந்தால்' இறந்தகால அடியின்மேல் கட்டியதுதான். 'நாடினால்' என்பதும் அப்படியே. அதனால் 'அல்லாஹ் நாடினால்' என்ற தமிழ், பொருளில் மட்டுமல்ல, இலக்கணத்திலும் அச்சாகப் பொருந்துகிறது. 'வரின்', 'செயின்' என்று பழந்தமிழில் வரும் 'இன்' விகுதியும் அரபி 'இன்'னும் ஒரே வேலையைச் செய்வது தற்செயல்தான். அதை வைத்து மொழி உறவு தேடக் கிளம்ப வேண்டாம்.

இதைச் சொல்லும் வழக்கத்துக்கு அடிப்படை குர்ஆனின் 18ஆம் அத்தியாயமான அல் கஹ்ஃபில் 23, 24 வசனங்கள். 'நாளை இதை நிச்சயம் செய்வேன்' என்று எதைப் பற்றியும் அறுதியிட்டுச் சொல்லாதே, 'அல்லாஹ் நாடினால்' என்று சேர்த்துச் சொல் என்பது அவற்றின் கருத்து. விவிலியத் தமிழில் இதே எண்ணம் 'ஆண்டவருக்குச் சித்தமானால்' என்று வருகிறது. 'சித்தம்' வடசொல். முஸ்லிம் தமிழ் 'நாட்டம்', 'நாடுதல்' என்று தமிழ்ச் சொல்லையே பிடித்துக்கொண்டது. பொதுத்தமிழில் 'நாடு' என்றால் தேடிப் போவது ('மருத்துவரை நாடினார்'). இறைவன் விரும்பித் தீர்மானிப்பது என்ற பொருளில் அந்த வினை உயிரோடு புழங்குவது பெரும்பாலும் முஸ்லிம்களின் பேச்சில்தான்.

எங்கே சொல்லக் கூடாது? நடந்து முடிந்ததற்குச் சொல்லக் கூடாது. 'நேற்று ஊருக்குப் போய் வந்தேன், இன்ஷா அல்லாஹ்' என்பது 'நேற்று நாளைக்குப் போனேன்' என்பது மாதிரி. துஆவிலும் (இறைவனிடம் வேண்டுவதிலும்) 'நீ நாடினால் என்னை மன்னித்துவிடு' என்று கேட்க வேண்டாம், உறுதியாகக் கேளுங்கள் என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. கேட்பவனே 'இஷ்டமிருந்தால் கொடு' என்று இழுத்தால் அது வேண்டுதலாக இருக்காது.

இந்தச் சொல்லுக்குச் சட்ட வலிமையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 'வல்லாஹி' (அல்லாஹ் மேல் ஆணை) என்று சொல்லிச் சத்தியம் செய்து அதை முறித்தால் பரிகாரம் உண்டு: 10 ஏழைகளுக்கு உணவு அல்லது உடை, அதற்கு வசதி இல்லாதவர் 3 நாள் நோன்பு (குர்ஆன் 5:89, அடிமையை விடுவிப்பதும் அதில் ஒரு வழி). ஆனால் சத்தியத்தோடு சேர்த்து அதே மூச்சில் 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லியிருந்தால், முறித்தாலும் பரிகாரம் இல்லை. ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் இதற்கு 'இஸ்திஸ்னா', அதாவது விதிவிலக்கு வைத்தல், என்று பெயர். வாக்குக் கொடுத்துவிட்டு நழுவ இதைப் பிடித்துக்கொள்பவர்கள் இந்த இடத்திலிருந்துதான் கற்றுக்கொண்டார்களோ என்னவோ. செய்ய மனமில்லாத வேலைக்கு 'இன்ஷா அல்லாஹ்' சொல்வது, தன் சோம்பலை இறைவன் தலையில் கட்டுவது.

எழுதும்போது ஒரு கவனம்: 'இன்ஷாஅல்லாஹ்', 'இன்ஷால்லா' என்று ஒட்டாமல் 'இன் ஷா அல்லாஹ்' அல்லது 'இன்ஷா அல்லாஹ்' என்று பிரிப்பது நல்லது. அரபி எழுத்தில் 'இன்'னையும் 'ஷாஅ'வையும் ஒட்டினால் 'இன்ஷாஉ' என்ற வேறு சொல்லாகிவிடும். அதற்கு உருவாக்குதல், கட்டுரை எழுதுதல் என்று பொருள். தமிழ் எழுத்தில் அந்த ஆபத்து இல்லைதான். ஆனாலும் பிரித்து எழுதினால் எத்தனை சொல் என்பது கண்ணுக்குத் தெரியும்.

'மாஷா அல்லாஹ்' இதன் தங்கை. வினை அதே 'ஷாஅ'; முன்னால் 'இன்'னுக்குப் பதில் 'மா'. அரபியில் 'மா' இல்லை என்றும் பொருள்படும், 'எது' என்றும் பொருள்படும். இங்கே இரண்டாவது: 'அல்லாஹ் எதை நாடினானோ அது'. அதே அல் கஹ்ஃப் அத்தியாயத்தில் 39ஆம் வசனத்தில் இது வருகிறது. தன் தோட்டத்தைப் பார்த்துப் பெருமையடித்த ஒருவனிடம் அவன் தோழன், 'உள்ளே நுழைந்தபோது மாஷா அல்லாஹ் என்று சொல்லியிருக்கக் கூடாதா' என்று கேட்கிறான். அதனால் கண்முன் இருக்கும் நல்லதற்கு மாஷா அல்லாஹ், இனி வரவேண்டியதற்கு இன்ஷா அல்லாஹ். தெருவில் நடக்கும் ஒரு பேச்சில் மூன்று சொல்லும் தத்தம் இடத்தில் உட்காருவதைப் பாருங்கள்:

'என்ன ராத்தா, மகனுக்கு வேலை கிடைச்சிருச்சாமே, மாஷா அல்லாஹ்!'

'ஆமாம்மா, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த மாசம் கிளம்புறான், இன்ஷா அல்லாஹ்.'

கேட்டவள் மகிழ்ந்து சொன்னது முதலாவது. பெற்றவள் நன்றியாகச் சொன்னது இரண்டாவது. நடுவில் இருப்பதை மாற்றிப் போட்டு, தன் பிள்ளைக்குத் தானே மாஷா அல்லாஹ் சொன்னாலும் குற்றமில்லை. 'கண்ணு பட்டுடக் கூடாது' என்று தாய்மார் சொல்வதும் அதைத்தான். கண்ணேறு பற்றிய ஹதீஸில் சொல்லப்படுவது பரக்கத் வேண்டிப் பிரார்த்திப்பது. ஆகவே அறிந்தவர்கள் 'பாரக்கல்லாஹு' (அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்) என்றும் சேர்ப்பார்கள். பரக்கத்துக்குத் தமிழில் ஒரே சொல் தேடிக் களைத்துவிட்டோம். வளம், பெருக்கம், அருள் எல்லாம் அரைப்பங்குதான். 'சம்பளம் நிறைய, பரக்கத் இல்லை' என்றால் கேட்பவருக்கு உடனே புரியும். அதை அப்படியே விட்டுவிடலாம்.

அல்ஹம்துலில்லாஹ்வுக்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை. 2009இல் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர். ரஹ்மான் 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று சொன்னபோது உலகம் கேட்டது இந்த அரபி வாக்கியத்தின் தமிழைத்தான். 'அல்' என்பது 'எல்லா'வாகவும், 'ஹம்து' புகழாகவும், 'லி' என்பது நான்காம் வேற்றுமை 'கு'வாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. முஹம்மது, அஹ்மது, மஹ்மூது, ஹாமித் என்ற பெயர்கள் எல்லாம் இதே ஹ-ம-து வேரில் முளைத்தவை. 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டால் பதிலாகவும் இது வரும். அந்த இடத்தில் 'புகழ்' என்று மொழிபெயர்த்தால் மேடைப் பேச்சாகிவிடும். 'ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கோம்' என்று நம் பாட்டிகள் சொல்வதுதான் அதன் சரியான பேச்சுத்தமிழ்.

தும்மியவரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டும். கேட்டவர் 'யர்ஹமுகல்லாஹ்' (அல்லாஹ் உனக்கு அருள் புரியட்டும்) என்பார். தும்மியவர் திரும்ப 'யஹ்தீகுமுல்லாஹு வ யுஸ்லிஹு பாலகும்' என்று, உங்களுக்கு நேர்வழி காட்டி உங்கள் நிலையைச் சீராக்கட்டும் என வாழ்த்துவார். தும்மியவர் புகழாவிட்டால் மற்றவர் வாழ்த்தத் தேவையில்லை. தும்மலுக்கு வாழ்த்துவது நமக்கும் புதிதல்ல. காதலன் தும்மியதும் வாழ்த்திய பெண், அடுத்த கணமே 'யார் நினைத்ததால் தும்மினீர்' என்று அழுத கதை குறளில் (1317) இருக்கிறது.

பிழை அதிகம் நடப்பது நன்றி சொல்லும் இடத்தில். 'ஜஸாக்கல்லாஹு ஹைரன்' என்றால் 'அல்லாஹ் உனக்கு நல்லதைக் கூலியாகத் தரட்டும்'. இதில் 'ஜஸா' என்பது செய்ததற்குரிய பலன். நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். அதனால் பலர் அவசரத்தில் 'ஜஸாக்கல்லாஹ்' என்று நிறுத்தினால் நல்லது என்ற சொல் விழுந்து, 'உனக்குரியதைத் தரட்டும்' என்று அந்தரத்தில் தொங்குகிறது. கேட்பவர் நல்லெண்ணமாகவே எடுத்துக்கொள்வார், ஆனாலும் 'ஹைரன்' சேர்த்துவிடுங்கள். நடுவிலிருக்கும் 'க' என்பது 'உனக்கு': ஆணுக்கு ஜஸாக்கல்லாஹு, பெண்ணுக்கு ஜஸாக்கில்லாஹு, பலருக்கு ஜஸாக்குமுல்லாஹு. பெரியவர் ஒருவரிடம் பேசும்போதும் கடைசி வடிவத்தைப் பயன்படுத்தலாம். நம் 'நீங்கள்' மாதிரிதான். மூலத்தில் அந்தக் ககரம் இரட்டிப்பதில்லை. தமிழில் தனிக் ககரம் நடுவில் வந்தால் குழைந்து ஒலிக்கும் என்பதால் நாம்தான் இரட்டித்து எழுதுகிறோம்.

ஸலாமில் நேர்மாறு. ஒரே ஒருவர் நின்றாலும் 'அலைக்கும்' என்று பன்மைதான். 'உங்கள் மீது அமைதி உண்டாகட்டும்'. பதில் 'வ அலைக்குமுஸ்ஸலாம்', உங்கள் மீதும். ஸலாம் மட்டும் சொன்னால் 10 நன்மை, 'வரஹ்மத்துல்லாஹி' சேர்த்தால் 20, 'வபரகாத்துஹு'வும் சேர்த்தால் 30 என்று ஹதீஸ். கல்யாணப் பத்திரிகையில் '(வரஹ்)' என்று அடைப்புக்குறிக்குள் நிற்பது அந்த நீட்சியின் சுருக்கம். வேகமாகச் சொல்லும்போது லகரத்தை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். 'அஸ்ஸாமு அலைக்கும்' என்றால் 'உங்களுக்கு மரணம் வரட்டும்'.

மரணச் செய்திக்கு 'இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்' (2:156): நாம் அல்லாஹ்வுக்குரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள். பாதியில் 'இன்னாலில்லாஹி' என்று நிறுத்துவது பேச்சில் சகஜம். அந்தப் பாதியில் 'திரும்புதல்' இல்லை, ஆறுதல் இருப்பதோ அங்கேதான். இது சாவுக்கு மட்டும் உரியதும் அல்ல. அதற்கு முந்தைய வசனம் உயிர், பொருள், விளைச்சல் எல்லாவற்றின் இழப்பையும் சொல்கிறது. பணப்பை தொலைந்தாலும் சொல்லலாம்; பக்கத்தில் இருப்பவர் பதறி 'யார் மௌத்து?' என்று கேட்பார், அவ்வளவுதான்.

கடைசியாக, அச்சில் பெயருக்குப் பக்கத்தில் வரும், அரபி வாழ்த்துகளின் சுருக்கமான குறிகள். (ஸல்) முஹம்மது நபிக்கு, (அலை) மற்ற நபிமார்களுக்கு, (ரலி) நபித்தோழர்களுக்கு, (ரஹ்) பின்வந்த பெரியவர்களுக்கு. மாற்றிப் போட்டால் பிழை திருத்துபவர் நிச்சயம் கூப்பிடுவார். (ரலி)யில் வரும் 'ல', அரபியின் 'ளாத்' எழுத்து. உருது வழியில் அது 'ஜ' (z ஒலி) ஆகி ரம்ஜான் வந்தது. தமிழ் முஸ்லிம்கள் ரமளான், பர்ளு (கடமை), ஒளு (தொழுகைக்கு முன் கழுவிக்கொள்வது) என்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் சீபவைஹி இந்த எழுத்தை நாவின் பக்கவாட்டில் பிறக்கும் ஒலி என்று விவரித்திருக்கிறார். 'அல் காளி' என்ற நீதிபதி ஸ்பானிய மொழிக்குள் போய் 'அல்கால்தே' ஆனபோதும் அந்த லகரம் ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. 'ரமளான்' கொச்சை, 'ரம்ஜான்'தான் சரி என்று யாராவது திருத்த வந்தால் இதைச் சொல்லலாம்.