‘மெஷின் ஸ்பேர்ஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடும் முன்

ஐ.இ.சி. எண்ணை (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கு அரசு தரும் அடையாள எண்) வாடகைக்கு விடும் பழக்கம் சென்னையில் இன்னும் ஒழியவில்லை. "சரக்கு எங்களோடது, பேப்பர் மட்டும் உங்க பேர்ல போகட்டும்ணே" என்று மண்ணடிக்கும் அம்பத்தூருக்கும் ஆள் வருகிறது. கொடுப்பவரிடம் ஏன் என்று கேட்டால், "தப்பான சரக்குன்னா ஏர்போர்ட்லயே பிடிச்சிருப்பாங்களே?" என்கிறார்.

பிடித்துவிட மாட்டார்கள். ரேடாருக்குத் தெரிவது விமானத்தின் அடையாளம், உயரம், வேகம். உள்ளே இருக்கும் பெட்டி தெரியாது. வான்வெளி அனுமதி, இறங்க அனுமதி, எரிபொருள் எல்லாம் காகிதத்தைப் பார்த்துத்தான் கிடைக்கின்றன. 1995 டிசம்பர் 17 இரவு மேற்கு வங்கத்தின் புருலியாவில் ஆயுதங்களைப் பாராசூட்டில் இறக்கிய அன்டோனோவ்-26 விமானம் ஒளிந்து வரவில்லை. கராச்சியிலிருந்து வந்து வாரணாசியில் முறையாக இறங்கிக் கிளம்பியது. பிரிட்டன் முன்பே எச்சரித்திருந்தும் யாரும் தடுக்கவில்லை. வேலை முடிந்து தாய்லாந்து போய்த் திரும்புகையில் நம் மீனம்பாக்கத்திலேயே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் மும்பையில் மடக்கினார்கள். அங்கும் முக்கியக் குற்றம் சாட்டப்பட்டவரான டென்மார்க்காரர் கிம் டேவி நழுவினார். 2024-இலும் அவரை ஒப்படைக்க டென்மார்க் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த ஆயுதங்களுக்கும் வங்கதேசத்தின் பெயரில் ஒரு எண்ட் யூசர் சர்டிபிகேட் (சரக்கைக் கடைசியில் பயன்படுத்தப்போவது யார் என்று சொல்லும் சான்றிதழ்) இருந்தது.

2009 டிசம்பரில் பாங்காக்கில் பிடிபட்ட இல்யூஷின்-76 சரக்கு விமானத்திலும் இதே கதைதான். வடகொரியாவில் ஏற்றிய சுமார் 35 டன் ஆயுதம், காகிதத்தில் எண்ணெய்க் கிணற்று உதிரிபாகம். துப்பு கிடைத்ததால் திறந்து பார்த்தார்கள்.

ஆகவே காகிதத்தைப் படியுங்கள். விமானச் சரக்குக்கு விமான நிறுவனத்தின் பெயரில் போடும் ரசீதான மாஸ்டர் ஏர்வே பில்லின் எண் 11 இலக்கம். முதல் 3 விமான நிறுவனத்துக்கு, அடுத்த 7 வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு. வரிசை எண்ணை 7-ஆல் வகுத்து வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம். 1234567 என்றால் மீதி 5; எனவே 12345675 என்று முடிய வேண்டும். முடியவில்லையென்றால் போலி, அல்லது தட்டச்சுப் பிழை. முடிந்தாலும் நம்பிவிடாதீர்கள், இந்தக் கணக்கு போலி அடிப்பவனுக்கும் தெரியும். விமான நிறுவனத்தின் தளத்தில் எண்ணைப் போட்டுச் சரக்கின் எடையையும் போய்ச் சேரும் ஊரையும் ஒப்பிடுங்கள். (சரக்கு முகவர் தன் பெயரில் தரும் ஹவுஸ் பில்லுக்கு இந்த வகுத்தல் செல்லாது.)

வால்வு, பம்ப், கார்பன் ஃபைபர், ட்ரோன் பாகம் எதுவானாலும் முதலில் ஸ்கோமெட் பட்டியலைப் பாருங்கள்; ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய, அனுமதி வாங்கித்தான் ஏற்றுமதி செய்ய வேண்டிய பொருட்களின் அரசுப் பட்டியல் அது. "சாதாரண பம்ப் சார்" என்று சொல்லாதீர்கள். எந்தப் பொருளால் செய்தது, எவ்வளவு இறைக்கும் என்பது போன்றவற்றைப் பார்த்துத்தான் அது பட்டியலுக்குள் வருகிறது. வாங்குபவர் ஒரு நாடு, பணம் வருவது இன்னொரு நாடு, சரக்கு இறங்குவது மூன்றாவது நாடு என்றால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் பெட்டியைத் தொடாதீர்கள்.

பொய் விவரம் தெரிந்தே கொடுத்தால் சுங்கச் சட்டம் 114ஏஏ பிரிவில் சரக்கின் மதிப்பைப் போல் 5 மடங்கு வரை அபராதம் விழும். அது ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையிடம் தரும் அறிவிப்பு) பெயர் உள்ளவரைத் தேடித்தான் முதலில் வரும்.

ஏற்கெனவே எண்ணைக் கொடுத்துவிட்டவர்கள், தயவுசெய்து இன்றைக்கே சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் நுழைந்து உங்கள் பெயரில் எந்தெந்த ஷிப்பிங் பில் போயிருக்கிறது என்று பாருங்கள்.