நடுக்கோடையில் தக்காளிப் பூ ஏன் உதிர்கிறது?

கோடை உச்சத்தை எட்டும்போது வீட்டுத் தோட்டக்காரர்கள் பலரும் ஒரே குறையைச் சொல்வார்கள். தக்காளிச் செடி நன்றாக வளர்ந்து நிற்கிறது, இலைகளில் வாட்டம் இல்லை, பூவும் கொத்துக் கொத்தாக வருகிறது; ஆனால் காய் மட்டும் பிடிப்பதில்லை. காலையில் பார்த்தால் செடியின் அடியில் மஞ்சள் பூக்கள் காம்போடு உதிர்ந்து கிடக்கின்றன. உடனே தண்ணீரைக் கூட்டுகிறோம், அல்லது உரம் வைக்கிறோம். பெரும்பாலான நேரங்களில் இரண்டும் பயன் தருவதில்லை, ஏனென்றால் உதிர்ந்த பூவின் கதி அது விரிவதற்கு ஒரு வாரத்துக்கும் முன்பே, மொட்டுக்குள்ளேயே முடிவாகிவிட்டது.

ஒரு தக்காளிப் பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்னோக்கி மடிந்த இதழ்களுக்கு நடுவே மஞ்சள் நிறக் கூம்பு ஒன்று தெரியும். மகரந்தப்பைகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உண்டாக்கிய குழாய் அது. அதன் உள்ளே சூல்தண்டு நிற்கிறது; சூல்தண்டின் நுனியான சூல்முடி கூம்பின் வாய்க்குச் சற்று உள்ளேயே அடங்கியிருக்கும். மகரந்தப்பைகள் கூம்பின் உட்புறமாகத் திறப்பதால், உப்புத் தூவும் குப்பியைக் குலுக்கியதுபோலப் பூ அதிர்ந்தால்தான் தூள் சூல்முடியின் மேல் கொட்டும். காற்று அசைத்தால் அது நடக்கும். துளைபோடும் கருவண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் பறப்புத் தசைகளை மட்டும் வினாடிக்குச் சில நூறு முறை அதிரவைத்து இந்த வேலையை இன்னும் திறமாகச் செய்யும். தேனீக்களுக்கு இந்த வித்தை கிடையாது.

பொறிமுறை இவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், கொட்டுகிற தூளுக்கு உயிர்ப்பு இருந்தால்தான் காய் உண்டாகும். வெப்பம் தாக்குவது இந்த உயிர்ப்பைத்தான். பூ விரிவதற்கு ஏறக்குறைய 8 முதல் 13 நாட்களுக்கு முன்பு, கடுகளவு மொட்டுக்குள் மகரந்தத்தின் தாய்ச் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். அவற்றைச் சூழ்ந்துள்ள மெல்லிய திசு ஒன்றே அவற்றுக்குச் சர்க்கரையை ஊட்டுகிறது. பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியசுக்கு மேலும், இரவு வெப்பம் 21 டிகிரிக்கு மேலும் தொடர்ந்து நிற்கும்போது பல தக்காளி ரகங்களில் இந்த ஊட்டத் திசு சீர்குலைந்துவிடுகிறது. விளைவாக மகரந்தத் துகள்கள் மாவுச்சத்தைச் சேமிக்க முடியாமல் சுருங்கிப் போகின்றன. சூல்முடியில் விழுந்தாலும் அவை முளைப்பதில்லை. போதாக்குறைக்கு, வெப்பத்தில் சூல்தண்டு அளவுக்கு மீறி நீண்டு கூம்புக்கு வெளியே எட்டிப்பார்க்கும் ரகங்களும் உண்டு. அப்போது தூள் நன்றாக இருந்தாலும் அது சேரவேண்டிய இடம் தப்பிவிடுகிறது.

இதில் இரவின் பங்கைப் பலரும் கவனிப்பதில்லை. பகலில் ஒளிச்சேர்க்கையால் சேர்த்த சர்க்கரையின் ஒரு பகுதியைச் செடி இரவில் மூச்சுவிடச் செலவிடுகிறது. இரவு புழுக்கமாக இருந்தால் அந்தச் செலவு கூடும், வளரும் மொட்டுக்கு மிஞ்சுவது குறையும். மிளகாயும் பூவை உதிர்ப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இரவுகளுக்குப் பிறகுதான்.

சூல் கொள்ளாத பூவைச் செடி தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. தக்காளிப் பூவின் காம்பில், ஏறக்குறைய நடுவில், விரல் முட்டிபோல ஒரு புடைப்பு இருப்பதைத் தொட்டே உணரலாம். காம்பு துண்டிக்கப்படவேண்டிய இடம் அங்கே முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கிறது. கருவுற்ற சூலகம் ஆக்சின் என்ற வளரூக்கியைத் தொடர்ந்து காம்பின் வழியே அனுப்பிக்கொண்டிருக்கும்; அந்த வரத்து இருக்கும்வரை அந்தப் புடைப்பிலுள்ள செல்கள் அமைதியாக இருக்கும். வரத்து நின்றதும் அவை எத்திலீன் வாயுவுக்கு உடனே வசப்பட்டு, செல்களுக்கு இடையிலுள்ள பசையைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. பூ அங்கேயே கழன்று விழுகிறது. ஆகவே இந்த உதிர்வை நோய் என்று எண்ணிப் பூச்சிமருந்து தெளிப்பது வீண்.

பிற்பகல் வெயிலை மட்டும் தடுக்கும்படி நிழல்வலை கட்டுவது உதவும். ஆனால் அதன் பலன் மறுநாளே தெரியாது. இன்று குளிர்ச்சி பெறும் மொட்டு விரிய ஒரு வாரத்துக்கு மேலாகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். காற்று ஓட்டம் இல்லாத மூலையில் செடி இருந்தால், காலை வெயில் ஏறும் வேளையில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிடலாம். தழைச்சத்து மிகுந்த உரத்தை இந்த நேரத்தில் கொடுப்பது கூடாது. அது இலையைப் பெருக்குமே தவிரக் காயைத் தராது. முன்பே பிடித்த காய்கள் சிவக்காமல் மஞ்சளாகவே நின்றால் அதற்கும் வெப்பமே காரணம். ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைக்கோப்பீன் உருவாவது மந்தமாகிறது, மஞ்சள் நிறமிகள் மட்டும் உருவாகிக்கொண்டிருக்கும். அத்தகைய காயைப் பறித்து நிழலான அறையில் வைத்தால் நன்றாகவே சிவக்கும்.

தண்ணீரால் வரும் கோளாறு வேறு வகையானது. வேர் உறிஞ்சும் நீரில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இலைத்துளைகள் வழியாக ஆவியாகிப் போய்விடுகிறது. செடியின் வழியே நீரை மேலே இழுப்பதும் இலையைக் குளிர்விப்பதும் இந்த ஆவியாதல்தான். நண்பகலில் இழப்பு வரவை மிஞ்சும்போது பூசணியின் அகன்ற இலைகள் தொங்கிவிடும். மண் ஈரமாக இருந்தாலும் இது நேரும். மாலையில் இலை நிமிர்ந்துவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் வாடிக் கிடந்தால்தான் மண்ணில் நீர் போதவில்லை, அல்லது வேர் பழுதாகியிருக்கிறது என்று பொருள். நண்பகல் வாட்டத்தைக் கண்டு மேலும் மேலும் நீர் ஊற்றினால் மண்ணிலுள்ள காற்று வெளியேறி வேர் மூச்சுத்திணறும்.

தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்குவதும் நீரோடு தொடர்புடையதே. செல்சுவருக்கு உறுதிதரும் சுண்ணாம்புச்சத்து, ஆவியாதல் இழுக்கும் நீரோட்டத்தோடுதான் பயணம் செய்கிறது. இலை நிறைய ஆவியாக்குகிறது, காய் மிகக் குறைவாகவே ஆவியாக்குகிறது. ஆதலால் மண் ஒருநாள் காய்ந்தும் மறுநாள் ஊறியும் கிடந்தால் முதலில் பட்டினி கிடப்பது காயின் அடிமுனை. மண்ணில் சுண்ணாம்புச்சத்து போதிய அளவு இருக்கும்போதே இது நிகழ்கிறது என்பதால், மேலும் சுண்ணாம்பு இடுவதைவிட வைக்கோலோ காய்ந்த இலையோ கொண்டு மூடாக்குப் போட்டு ஈரத்தைச் சீராக வைப்பது நல்லது.

இனி, நடுக்கோடையில் கொத்துமல்லி ஏன் இலை கொடுக்காமல் தண்டு நீட்டிப் பூக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். இங்கே வெப்பத்தோடு பகலின் நீளமும் சேர்ந்துகொள்கிறது. பகல் நீளத்துக்கு ஏற்பச் செடிகள் பூக்கின்றன என்பதை 1920-இல் கார்னர், அல்லார்டு ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலை, சோயா முதலிய செடிகளைக் கொண்டு காட்டினார்கள். செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடைவிடாத இருட்டின் நீளத்தை என்பது 1938-இல் வெளியான ஹாம்னர், பானர் ஆகியோரின் சோதனைகளால் தெரியவந்தது. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் ஒளியையும் இருளையும் பிரித்தறிய, இரவு குறுகிவிட்டது என்ற செய்தி தண்டின் நுனியை எட்டுகிறது. ஜிப்ரலின் என்ற வளரூக்கி தண்டை நீட்டுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய இடங்களில் பகல் நீளம் முதன்மையான தூண்டுகோலாகவும், அதற்கு அருகில் உள்ள இடங்களில் வெப்பமே பெரிய தூண்டுகோலாகவும் அமைகிறது. தண்டு நீளத் தொடங்கிய செடியை நுனி கிள்ளி மறுபடி இலைக்குத் திருப்ப முடியாது. அதை விதைக்கு விட்டுவிட்டு, நிழலில் சிறு சிறு பாத்திகளாக அடுத்தடுத்து விதைப்பதே என் பரிந்துரை.

நுனி கிள்ளுவதைப் பொறுத்தவரை திருநீற்றுப்பச்சிலையும் புதினாவும் இதற்கு மாறானவை. உருப்பெருக்கி வழியே அவற்றின் இலையைப் பார்த்தால் வெளிறிய சிறு குமிழ்கள் பரவியிருப்பது தெரியும். மணம் முழுவதும் இலைச் சதைக்கு வெளியே, இந்தச் சுரப்பிகளின் மெல்லிய உறைக்குள்தான் எண்ணெயாகத் தங்கியிருக்கிறது. நல்ல வெயில் கிடைக்கும் செடியில் எண்ணெய் பொதுவாக மிகுதியாக இருக்கும். ஆனால் நண்பகலில் அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும் என்பதால் பனி உலர்ந்த காலையில் பறிப்பது சிறந்தது. ஒரு கணுவுக்குச் சற்று மேலே நுனியைக் கிள்ளினால், நுனி அனுப்பிவந்த ஆக்சினின் தடை நீங்கி, அதுவரை நுனிக்குப் போன சர்க்கரையும் பக்க மொட்டுகளுக்குத் திரும்பி, ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு கிளைகள் வரும்.

இவ்வளவு தொல்லைக்கு இடையிலும் தண்டுக்கீரை கோடையில் தளதளவென்று வளர்வதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. பெரும்பாலான செடிகளில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி, வெப்பம் ஏற ஏறத் தவறிப்போய் ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. சேர்த்த கரியின் ஒரு பகுதி அதனால் வீணாகிறது. தண்டுக்கீரை, முளைக்கீரை, சோளம் ஆகியவை கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் செறிவாகக் கொண்டுசேர்த்து, அங்கேதான் ரூபிஸ்கோவிடம் ஒப்படைக்கின்றன. அதனால் இலைத்துளையை அதிகம் திறக்காமலே அவற்றுக்கு உணவு கிடைக்கிறது, நீரும் மிச்சமாகிறது. பருப்புக்கீரை இன்னும் ஒருபடி மேலே போய், வறட்சி கடுமையானால் இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவைச் சேமிக்கும் முறைக்கும் மாறிக்கொள்கிறது. தக்காளி ஓய்ந்திருக்கும் வாரங்களில் பாத்தியை வெறுமையாக விடாமல் இந்தக் கீரைகளை விதைத்தால், அடுத்த பூங்கொத்து வரும்வரை அடுக்களைக்குக் குறைவிருக்காது.