வெளிக்குப் போன கணக்கையும் டொக்டரிடம் சொல்லுங்கள்

ஈரலரிப்பு (ஈரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் 'சிரோசிஸ்' நோய்) உள்ளவர்களுக்கு லக்டுலோஸ் என்ற பாணி மருந்து கொடுப்பார்கள். எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை நோயாளி ஒரு நாளைக்கு எத்தனை தரம் வெளிக்குப் போகிறார் என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள். பொதுவாக 15 முதல் 30 மில்லிலீற்றர் வரை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை என்று தொடங்கி, இளக்கமாக 2 அல்லது 3 தரம் போகும் அளவுக்குக் கூட்டிக் குறைப்பார்கள்.

குடலிலுள்ள பக்டீரியாக்கள் அமோனியாவை உண்டாக்குகின்றன. நல்ல ஈரல் அதை யூரியாவாக மாற்றிவிடும். அரிப்புக் கண்ட ஈரலால் அது முடியாமல் போக, அமோனியா மூளையைத் தாக்குகிறது. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, கை நடுக்கம், தடுமாறிய பேச்சு, கடைசியில் மயக்கம். லக்டுலோஸ் பெருங்குடலை அமிலமாக்கி, அமோனியா இரத்தத்துக்குள் போகாமல் மலத்தோடு வெளியேறச் செய்கிறது.

இதை விளக்காமல் போத்தலை மட்டும் கொடுத்தால், "குடிச்சா வயித்தால போகுது" என்று நோயாளி சில நாளிலேயே நிறுத்திவிடுவார். அவருக்கு அது பக்கவிளைவாகத் தெரிகிறது. உண்மையில் மருந்து வேலை செய்வதன் அடையாளமே அதுதான். ஆனால் தண்ணீராக ஐந்தாறு தரம் போனால், உடலில் நீர் வற்றி அதே மயக்கம் திரும்பி வரும். அப்போது அளவைக் குறைக்க வேண்டும். எத்தனை தரம் என்று டொக்டர் கேட்காவிட்டால், நோயாளி வெட்கத்தை விட்டுச் சொல்லாவிட்டால், இந்த மருந்தைச் சரியாகக் கொடுக்க வழியே இல்லை.

சதையியில், அதாவது கணையத்தில், நாட்பட்ட அழற்சி உள்ளவர்களுக்கும் இதே சிக்கல்தான். கொழுப்பைச் செரிக்கும் நொதி சுரக்காததால் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும், கடுமையாக நாறும், தண்ணீர் ஊற்றினாலும் இலேசில் போகாது. கிளினிக்கில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை; "உடம்பு மெலியுது" என்று மட்டும் சொல்வார்கள். நொதி வில்லை (கப்சியூல்) தரும்போதும் ஒரு விளக்கம் தேவை: முதல் வாய்ச் சோற்றோடு ஒன்று, மிச்சத்தைச் சாப்பாட்டின் இடையில் விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால், உணவோடு அது சரியாகக் கலக்காது. வில்லையைத் திறந்து சுடுதேத்தண்ணியில் கொட்டினால் நொதி கெட்டுவிடும்.

வயிற்றில் நீர் கட்டியவருக்கு "உப்பைக் குறையுங்கோ" என்று சொன்னால், வாகரையிலோ கல்லாற்றிலோ ஒரு வீட்டில் சோற்றுக்கு உப்புப் போடுவது நிற்கும். கருவாடும் மாசிச் சம்பலும் ஊறுகாயும் நிற்காது. நாள் முழுதுக்கும் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மட்டத் தேக்கரண்டி, 5 கிராம், என்று கரண்டியைக் காட்டிச் சொன்னால்தான் விளங்கும். நீர்க்குளிசை குடிப்பவர் காலையில் சிறுநீர் கழித்தபின் நிறை பார்த்து எழுதி வரட்டும். கால் வீங்காதவருக்கு நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

மொழி இன்னொரு தடை. சிங்களம் பேசும் டொக்டரிடம் மகளோ பேரனோ மொழிபெயர்க்கும்போது, மதுபானம் பற்றிய கேள்வி பாதியிலேயே மாறிவிடும். வாழ்க்கையில் ஒரு சொட்டும் குடிக்காத, நீரிழிவுள்ள அக்கரைப்பற்று உம்மாவுக்கு அந்தக் கேள்வியே அவமானம். "சீனி வருத்தத்தாலும் கொழுப்புப் படிந்து ஈரல் அரிக்கும், எல்லோரிடமும் இதைக் கேட்போம்" என்று முதலில் சொல்லிவிட்டால் பேச்சு இலகுவாகும். கசிப்புக் குடிப்பவரைத் திட்டினால், அடுத்த முறை அளவைப் பாதியாகச் சொல்வார்; திடீரென்று நிறுத்தும்போது வரக்கூடிய வலிப்பை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

நோன்பு பிடிக்க நினைப்பவர் றமழானுக்கு முன்பே கேட்க வேண்டும். அரித்த ஈரலில் மாச்சத்துச் சேமிப்புக் குறைவு. நீண்ட பட்டினியில் உடல் தன் தசையையே கரைக்கும். இரவு படுக்குமுன் ஏதாவது சாப்பிடச் சொல்வதும் அதனால்தான்.

டொக்டர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியத்துக்கு ஒரு நிமிடம் போதும். "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் இதை எப்படிக் குடிப்பீங்க, சொல்லுங்க பார்ப்பம்" என்று கேட்டால் எங்கே பிழைத்தது என்று உடனே தெரியும்.

கிளினிக் கொப்பியோடு வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் கொண்டுபோங்கள்: கீழாநெல்லிச் சாறு, நாட்டு வைத்தியரின் தூள், மூட்டு வலிக்குப் பாமசியில் வாங்கிய டைக்ளோபினக் எல்லாம். ஈரலரிப்பில் டைக்ளோபினக் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், இரத்தக் கசிவையும் தூண்டும். மலம் தார்போல் கறுத்தாலோ, ஆள் தடுமாறினாலோ, காமாலையோடு காய்ச்சல் வந்தாலோ கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காமாலையோடு மலம் வெளிறி, உடம்பெல்லாம் சொறிச்சலாகக் கடித்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்குச் சாறு குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் இருக்காமல் ஸ்கான் எடுக்க வேண்டும்.