பொன்னாடை போக மிஞ்சுகிற பத்து நிமிடம்

அருங்காட்சியகச் சொற்பொழிவு ஒன்றுக்கான அழைப்பிதழில் மாலை 5.30 என்று அச்சிட்டிருப்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு வாழ்த்துரை, நடுநடுவே பொன்னாடையும் நினைவுப் பரிசும். சிறப்புரையாற்ற வந்தவர் ஒலிவாங்கியைத் தொடும்போது மணி 6.20 ஆகியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கென்று தயார் செய்து வந்ததை அவர் பாவம் எங்கே சுருக்குவார்? முழுவதையும் பேசி முடிப்பார். உடனே, "சந்தேகம் இருப்பவர்கள் தேநீரின்போது கேட்டுக்கொள்ளலாம்" என்று அறிவித்துவிட்டு நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அருங்காட்சியகச் சொற்பொழிவுகளையும் கலைநிகழ்ச்சிகளையும் ஏற்பாடு செய்வது என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அன்று மாலை அருங்காட்சியகத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய சரக்கு, அதாவது கேட்க வந்தவர்களுக்குத் தெரிந்த செய்தி, பெரும்பாலும் தேநீர்க் கோப்பையோடு வாசல் வழியே வெளியே போய்விடுகிறது.

ஆதிச்சநல்லூரில் கிடைத்த பழங்கால ஈமத் தாழிகளைப் பற்றிப் பேசும்போது கூட்டம் கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும். 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியதைப் பார்த்தவர் யாரும் இன்று இல்லை. ஒரு நகரத்தின் அண்மை வரலாற்றைப் பேசும்போது நிலைமையே வேறு. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அந்த வரலாற்றுக்குள் குடியிருந்தவர்கள். டிராம் ஓடிய சென்னையில் பள்ளிக்கூடம் போனவர் ஒருவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் பேத்தி ஒருத்தி, ஆலையில் இரவு முறை பார்த்தவரின் மகன் ஒருவர் என்று வரிசை வரிசையாக இருப்பார்கள். மேடையில் நிற்பவருக்குத் தெரியாதது ஐந்தாவது வரிசைக்குத் தெரிந்திருக்கும்.

ஒருமுறை டிராம் வண்டிகளைப் பற்றிய பேச்சு. சென்னையில் 1895-ல் தொடங்கிய மின்சார டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது. திரையில் ஒரு பழைய புகைப்படம் போட்டோம். தெருமுனை, ஒரு டிராம், மாடி வீடு ஒன்று, முகம் தெரியாத நாலைந்து பேர். படத்தின் கீழே 'இடம் தெரியவில்லை' என்ற குறிப்பு. ஆண்டாண்டாக அப்படியே இருந்தது. பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு மூதாட்டி கையைத் தூக்கினார். "தம்பி, அது புரசைவாக்கம். வெள்ளாளத் தெரு முனை. அந்த மாடிக்குக் கீழே எங்கள் பெரியப்பா சாமான் வாங்குவார்."

நான் கேட்டேன்: "எதை வைத்துச் சொல்கிறீர்கள், அம்மா?"

"மேல்மாடத்தைப் பாருங்கள். தாங்கி நிற்கிற இரும்பில் ஒரு பக்கம் பூ வேலை இருக்கிறது, இன்னொரு பக்கம் மொட்டையாக இருக்கிறது. உடைந்தபோது மாற்றியது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே அப்படித்தான்."

படத்தைப் பெரிதாக்கினோம். வலது தாங்கியில் சுருள் பூ, இடது தாங்கியில் வெறும் கம்பி. அதுவரை அந்தப் படத்தை எத்தனையோ பேர் பார்த்தாயிற்று. ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. பிறகு தெருவுக்கே போய் விசாரித்து, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இருந்த இன்னொரு பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் பதிவேட்டில் இடத்தை எழுதினோம். 'தெரிவித்தவர்' என்ற கட்டத்தில் அந்த அம்மாவின் பெயரும் ஏறியது. நன்றியுரை சீக்கிரம் தொடங்கியிருந்தால் அந்தப் படம் இன்னும் அநாதையாகவே கிடந்திருக்கும்.

சரி, கூட்டத்தில் இருந்து வருகிற எல்லாமே தங்கமா என்றால், இல்லை. எம்டன் கப்பலைப் பற்றிப் பேச்சு வையுங்கள், தெரிந்துவிடும். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடலோரம் வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. நகரத்தை விட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இதற்கான நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் ஒருவர் எழுந்து, "அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அதை ஏன் மறைக்கிறீர்கள்?" என்று கேட்பார். குரலில் உண்மையான ஆதங்கம் இருக்கும். ஆனால் செண்பகராமன் அந்த நாள்களில் ஐரோப்பாவில் இருந்தபடி இந்திய விடுதலைக்காக இயங்கிக்கொண்டிருந்தார் என்பதையே ஆவணங்கள் காட்டுகின்றன. கப்பலில் அவர் வந்தார் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

இந்த இடத்தில் மேடையில் இருப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் அருங்காட்சியகத்தின் தரம் தெரியும். சிரித்து ஒதுக்கினால் அவர் இனி வரமாட்டார். தலையாட்டி வைத்தால் மறுநாள் 'அருங்காட்சியகமே ஒப்புக்கொண்டது' என்று ஊரெல்லாம் பரவும். எங்களுக்கு ஒரே ஒரு கேள்வி கைகொடுக்கிறது: "இதை நீங்கள் பார்த்தீர்களா, ஒருவர் சொல்லக் கேட்டீர்களா, எங்காவது படித்தீர்களா?" யாரையும் புண்படுத்தாத கேள்வி. பார்த்தது என்றால் எந்த வயதில், எங்கே நின்று. கேட்டது என்றால் சொன்னவர் யார், அவர் அங்கே இருந்தவரா. படித்தது என்றால் நாங்களும் போய்ப் படிக்கலாம். எம்டன் விஷயத்தில் பதில் எப்போதும் மூன்றாவதுதான். அதே மனிதரை விடாமல் பேசவிட்டால், "எங்கள் தாத்தா அன்று இரவு மாட்டுவண்டி கட்டிச் செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டாராம்" என்று இரண்டாவது வகைச் செய்தி ஒன்று வந்து விழும். எங்களுக்கு வேண்டியது அது.

1942-ஐப் பற்றிய பேச்சிலும் இதே கதைதான். ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் அந்த ஏப்ரலில் பல லட்சம் பேர் சென்னையைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். மிருகக்காட்சிச்சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றதைப் புத்தகத்தில் படிக்கலாம். பூட்டிய வீட்டுச் சாவியை எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போன குடும்பம், திரும்பி வந்தபோது பாத்திரம் பண்டம் அப்படியே இருந்ததா என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. அதை அறிந்தவர்கள் அன்று குழந்தைகள்; இன்று தொண்ணூறை ஒட்டியவர்கள். கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். அதை அன்று அண்ணாந்து பார்த்தவர்களைத் தேடிப் பிடிக்க நமக்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருக்கிறதா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு அழைத்து வாருங்கள். இல்லை என்று பதில் வந்தால் சண்டை போடுங்கள். அப்படிச் சண்டை போட்டுத்தான் சில இடங்களில் சாய்தளம் வந்தது.

பேச்சுக்கு வருகிறவர்கள் கையில் ஏதாவது கொண்டு வருவார்கள். அதில்தான் என் வயிறு கலங்கும். தாத்தாவின் புகைப்படத்தை 'பத்திரமாக இருக்கட்டும்' என்று லேமினேட் செய்து கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சூடும் பசையும் படத்தோடு ஒட்டிவிட்டால் பிரிக்க வழியே கிடையாது; படம் உள்ளுக்குள்ளேயே மங்கும். பசைத்தாள் வைத்த ஆல்பமும் அப்படித்தான். அமிலமில்லாத காகித உறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நல்ல வெள்ளைத் தாளில் மடித்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். படத்தில் இருப்பவர் பெயரைப் பேனாவால் எழுதாதீர்கள். பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சில் போதும். மூலப்படத்தை அரங்கத்தில் யார் கேட்டாலும், கேட்பவர் நானாகவே இருந்தாலும், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். அலுவலக நேரத்தில் வாருங்கள். உங்கள் கண்ணெதிரே வருடி (ஸ்கேன் செய்து) எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். நன்கொடையாகவே கொடுப்பதென்றால் பதிவேட்டு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு ரகமும் உண்டு. பையைத் திறந்து ஒரு செப்புச் சிலையைக் காட்டி, "இது எவ்வளவு போகும்?" என்று காதோடு கேட்பார்கள். அருங்காட்சியக ஊழியர் விலை சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. நூறாண்டைக் கடந்த சிலையும் ஓவியமும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணுக்கடியில் கிடைத்த பொருள் என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே போதும் என்கிறது அந்தச் சட்டம். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. பயந்து மறைத்து, பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏற்பாடு செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு தீராத வழக்கு இருக்கிறது. காட்சிக்கூடங்களை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டு ஐந்தரைக்குச் சொற்பொழிவு வைப்பது என்ன நியாயம்? எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரி நிற்கிறது. வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் உமைக்கு ஒரே கை. படத்தில் பார்த்தால் ஏதோ ஒரு கை உடைந்துபோனதாகத்தான் தோன்றும். நேரில், இடுப்பு ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இறங்குவதைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்தால், மூன்று கையோடு அந்த உடம்பு எப்படி நிலை தடுமாறாமல் நிற்கிறது என்பது புரிந்துவிடும். இதைத் திரையில் காட்டி அரை மணி நேரம் பேசிவிட்டு, சிலை பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று கேட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினால் அது என்ன விருந்து? பேச்சு நாளில் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு கூடத்தையாவது ஏழரை வரை திறந்து வையுங்கள். காவலருக்கு மிகைநேரப் படி கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு பொன்னாடையைக் குறைத்தால் சரிக்கட்டிவிடலாம்.

கலைநிகழ்ச்சி பற்றிப் பேசும்போது சிலர் முகம் சுளிப்பார்கள். அருங்காட்சியகத்தில் ஆட்டம் பாட்டம் எதற்கு என்பார்கள். எழும்பூர் மனையின் கதை தெரிந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள். 1851-ல் நுங்கம்பாக்கத்தில், கல்லூரிச் சாலைக் கட்டடத்தில் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கிய அருங்காட்சியகம் 1854-ல் இடம் மாறியது பாந்தியன் கட்டடத்துக்கு. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே விருந்தும் நடனமும் நாடகமும் நடந்தன. 1896-ல் ஹென்றி இர்வின் வரைந்து நம்பெருமாள் செட்டி கட்டிய மியூசியம் தியேட்டர் அதே வளாகத்தில் இன்றும் நாடகங்களுக்கு மேடையாக இருக்கிறது. ஆக, ஆட்டம்தான் அங்கே மூத்த குடி.

என் கவலை வேறு. நிகழ்ச்சிக்கும் சேகரிப்புக்கும் தொடர்பு வேண்டும். மானிடவியல் பிரிவில் தோற்பாவைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்ணாடிக்குள் பார்ப்பவருக்குச் சாயம் பூசிய தோல்தான் தெரியும். கூத்துக் கலைஞர் தன் சொந்தப் பாவையைத் திரைக்குப் பின்னால் விளக்கொளியில் பிடிக்கும்போதுதான், அந்தப் பொட்டுப் பொட்டான துளைகள் ஏன் என்று விளங்கும். ஒளி அந்தத் துளை வழியாக வந்து நகையாகவும் கண்ணாகவும் மாறுகிறது. அதற்குப் பிறகு கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டி முன்னால் நெடுநேரம் நிற்கிறார்கள். சேகரிப்பில் உள்ள பாவையை மட்டும் யாரும் மேடையேற்றக் கூடாது. கூடத்துக்குள் கற்பூரமும் எண்ணெய் விளக்கும் வேண்டாம். புகைக்கரி ஓவியத்திலும் உலோகத்திலும் படியும். விளக்கை முற்றத்தில் ஏற்றுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

அழைப்பிதழில் பேச்சாளருக்கு நான்கு வரியில் பட்டங்கள். கூத்துக்காரருக்கு 'மற்றும் கலைக்குழுவினர்'. இதை ஒவ்வொரு முறையும் திருத்தி அனுப்புகிறேன், ஒவ்வொரு முறையும் அச்சகத்தில் இருந்து அப்படியே திரும்பி வருகிறது. அவர்களுக்கும் பெயர் உண்டு. நிகழ்ச்சி முடிந்த அன்றே கையில் பணம் கிடைக்க வேண்டிய தேவையும் உண்டு. காசோலைக்காக மூன்று மாதம் அலையவிடுவது கலையை வளர்க்கிற வேலை இல்லை.

சென்னை நாள் கொண்டாட்டம் 2004-ல் தொடங்கியதில் இருந்து ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி நகரமெங்கும் பேச்சும் நடையும் களைகட்டுகின்றன. மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். பல நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் பேச்சுகளில் கணிசமானவை ஆங்கிலத்தில் நடக்கின்றன; அரங்கு நிறைகிறது, அதே முகங்களால். பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-ல் மூடியது. அங்கே தறி ஓட்டியவர்கள் இன்னும் அந்தத் தெருக்களிலேயே இருக்கிறார்கள். ஆலையைப் பற்றிய பேச்சை எழும்பூரில் ஆங்கிலத்தில் வைத்துவிட்டு அவர்கள் வரவில்லையே என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. பெரம்பூரிலேயே ஒரு பள்ளிக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், தமிழில் வையுங்கள். பேச்சு இருபது நிமிடம் போதும். மிச்ச நேரத்துக்கு ஒலிப்பதிவுக் கருவியும், சொல்பவரின் பெயர், பிறந்த ஆண்டு, வேலை பார்த்த பிரிவு, பதிவு செய்யச் சம்மதம் ஆகியவற்றை எழுத ஒரு தாளும் எடுத்துப் போங்கள். மின்கலத்தை முதல்நாள் இரவே ஏற்றி வையுங்கள். அவர்கள் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டும்.