சொல்லுக்கு முன்னால் ஒரு விரல்

இரண்டு குழந்தைகள். இருவருக்கும் ஒன்றரை வயது, இருவருமே இன்னும் பேசவில்லை. ஒன்று அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், எட்டாத பொம்மையின் மேல் அந்தக் கையைத் தள்ளுகிறது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. இன்னொன்று ஜன்னலுக்கு வெளியே போகும் விமானத்தை நோக்கி விரலை நீட்டுகிறது. உடனே திரும்பி, 'நீயும் பார்த்தாயா?' என்பதுபோல் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது. எத்தனை வார்த்தை பேசுகிறது என்று மட்டும் கேட்டால் இரண்டுக்கும் பூஜ்யம்தான். ஆனால் இரண்டாவது குழந்தை பேச்சின் வாசலுக்கு வந்துவிட்டது.

விமானத்தை எடுத்துத் தரச் சொல்லி அது கேட்கவில்லை. தான் பார்ப்பதை அப்பாவும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்காகச் சுட்டுவது வேறு, காட்டுவதற்காகச் சுட்டுவது வேறு என்று 1975-இல் உளவியல் ஆய்வாளர் எலிசபெத் பேட்ஸும் அவருடைய சகாக்களும் பிரித்துக் காட்டினார்கள். பொதுவாக முதல் பிறந்தநாளை ஒட்டி விரல் நீளத் தொடங்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இந்தக் காட்டும் விரல்தான் பெரும்பாலும் தாமதப்படுகிறது. (அந்த விரலுக்குச் சுட்டுவிரல் என்றும், அது, இது என்பவற்றுக்குச் சுட்டுப்பெயர் என்றும் நாம் பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை.)

சரி, விரலுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம்? "பூனை" என்று ஒருவர் சொன்னால், அறையில் இருக்கும் அத்தனையிலும் எதைச் சொன்னார் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? சொன்னவரின் கண் போகும் திசைதான் துப்பு. டேர் பால்ட்வின் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை ஒரு பொம்மையில் மூழ்கியிருக்கும்போது, பெரியவர் வேறொன்றைப் பார்த்துப் புதுப்பெயர் ஒன்றைச் சொன்னார். ஒன்றரை வயதை ஒட்டிய குழந்தைகள் நிமிர்ந்து அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தார்கள். கையில் இருந்த பொம்மைக்கு அந்தப் பெயரை ஒட்டிவிடவில்லை. இப்படிப் பின்தொடர வராத குழந்தைக்குச் சொற்கள் காதில் விழும், ஆனால் பொருளோடு சேருவது கடினம்.

திரை உதவுமா? பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழியான மாண்டரின் பேசுபவர்கள் 12 முறை நேரில் விளையாடினார்கள். குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில் என்றபோது எதுவும் ஏறவில்லை.

பேச்சு தாமதமானால் பெற்றோர் பதற்றத்தில் வாத்தியார் ஆகிவிடுகிறார்கள். "இது என்ன? அது என்ன? சொல்லு, சொல்லு!" அந்தப் பதற்றம் புரிகிறது, ஆனால் குழந்தையின் கவனத்தைப் பிடுங்கி நம் பக்கம் திருப்பும் வேலை இது. ஆய்வாளர்கள் டொமசெல்லோவும் ஃபேராரும் 1986-இல் கண்டது இதற்கு நேர் எதிரானது: குழந்தை ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பெயர் சொன்னால் அது நன்றாகப் பதிகிறது. குழந்தை காரை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறதா? எதிரே தரையில் உட்கார்ந்து நீங்களும் சுற்றுங்கள். "சுத்துது" என்று ஒரே ஒரு சொல். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்த மௌனம்தான் கஷ்டம்.

இதற்கெல்லாம் முன்பே காதுப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். கதவு சத்தத்துக்குத் திரும்புகிறது என்பதால் எல்லா ஒலியும் கேட்கிறது என்று அர்த்தமில்லை. நடுச்செவியில் நீர் தங்கினாலே பேச்சு மங்கலாகிவிடும். வந்த சொற்கள் காணாமல் போனால், எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் இந்தத் தாமதம் வருவதில்லை.

பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளுக்கான ஒரு சிகிச்சையில், பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். பயிற்சி முழுக்கப் பெற்றோருக்குத்தான். 2016-இல் வெளியான தொடர் ஆய்வின்படி, சிகிச்சை முடிந்து ஏறக்குறைய 6 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குழந்தைகளிடம் பலன் மிச்சமிருந்தது.